பின்னால் நகர இடமில்லாதபோது: 120 ஃபிலிமும் வைட் லென்ஸும் கல்வராயன் மலையும்

கல்வராயன் மலையைப் படமெடுக்க எந்த வைட் லென்ஸ் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு முதலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். கள்ளக்குறிச்சிச் சமவெளியில், மலையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம். முகடு தரையிலிருந்து 650 மீட்டர் எழும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6×6 கேமராவில் 38 மி.மீ. லென்ஸைப் போட்டால் அந்த முகடு ஃபிலிமில் 1.2 மி.மீ. உயரத்துக்குத்தான் விழும். பத்து அங்குலப் பிரிண்டில் அது அரை சென்டிமீட்டர். மீதி முழுக்க வானமும் கரும்பு வயலும். 80 மி.மீ. லென்ஸில் 2.6 மி.மீ., 150-இல் 5 மி.மீ., 250-இல் 8 மி.மீ. மலையை மலையாகக் காட்ட நினைக்கிறவர் கையில் எடுக்க வேண்டியது நீண்ட லென்ஸ்.

பரந்த காட்சிக்கு அகல லென்ஸ் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மலையடிவாரத்துச் சாலையில் காரை நிறுத்திவிட்டு எடுக்கப்படும் படங்களில் பாதி இந்த எண்ணத்துக்குப் பலியானவை. வைட் லென்ஸுக்கு வேலை இரண்டே இடங்களில். ஒன்று, முதுகு சுவரில் முட்டி, இனிப் பின்னால் நகர வழியில்லை என்றாகும் இடம். மற்றொன்று, காலடியில் இருக்கும் பொருளைப் பெரிதாகக் காட்டி, அது எந்த ஊரில் எந்த மலைக்கு எதிரே இருக்கிறது என்பதையும் விடாமல் சொல்ல வேண்டிய இடம். மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமராக்களுக்கு வந்த வைட் லென்ஸ்களை இந்த இரண்டு வேலைகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் அதற்கு நல்ல சோதனைக் களம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்தச் சின்ன மாவட்டத்துக்குள் மலையும் சமவெளியும் இருக்கின்றன, 192 அடி என்று சொல்லப்படும் கோபுரம் ஒன்று இருக்கிறது, தச்சுப் பட்டறைகளும் இருக்கின்றன.

அளவுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 120 ரோலை கோடக் 1901-இல் கொண்டுவந்தது. அதே அகல ஃபிலிமில் 6×4.5, 6×6, 6×7, 6×9, 6×17 என்று கேமராவைப் பொறுத்துச் சட்டம் மாறும். 6×6 என்று சொன்னாலும் உண்மையில் பதிவது 56×56 மி.மீ. அதற்கு 75 அல்லது 80 மி.மீ. நார்மல் லென்ஸ், 50 மி.மீ. வைட், 38 அல்லது 40 மிக வைட். 35 மி.மீ. கேமராவில் 28, 21 என்று பழகியவர்களுக்கு முறையே இவை இணை. 6×7-இல் 50 மி.மீ. இன்னும் கொஞ்சம் அகலமாகப் பார்க்கும். 6×9-இல் 65 மி.மீ. போட்டாலே 28-க்குச் சமம். ஃப்யூஜியின் ஜி.எஸ்.டபிள்யூ 690 கேமராவில் 65 மி.மீ. லென்ஸை நிரந்தரமாகப் பொருத்தியிருந்தது இந்தக் கணக்கில்தான்.

நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கு இந்தப் பட்டியலில் எதுவும் வந்து சேரவில்லை என்றே சொல்லலாம். வந்தது யாஷிகா. யாஷிகா-மாட் 124ஜி, அதற்கு முந்தைய மாடல்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக ரோலைகார்டு. எல்லாம் கழற்ற முடியாத 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் வைத்த இரட்டைக் கண் கேமராக்கள். 1991 வரை இறக்குமதிக்கு உரிமம், கடுமையான தீர்வை. கேமரா என்பது சிங்கப்பூர் போய் வந்த உறவினர் கொண்டுவரும் பொருள், அல்லது சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கும் பொருள். ஃபிலிம் மட்டும் உள்நாட்டில் கிடைத்தது. ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை ஃபிலிமைத் தயாரித்தது. பரோடாவிலிருந்து ஆக்ஃபா கிளிக் III வந்தது. வீட்டுக்காரர்களின் 120 கேமரா அதுதான். ஆக, ஃபிலிம் இருந்தது, கேமராவும் இருந்தது. அகலம் மட்டும் இல்லை.

இல்லாத அகலத்துக்கு ஸ்டூடியோக்காரர்கள் கண்ட வழி, இடத்தைத் தேடிப்போவது. பள்ளிக்கூடக் குரூப் ஃபோட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் ஒரு வரிசை, ஆசிரியர்கள் நாற்காலியில், பின்னால் நிற்பவர்கள், அதற்கும் பின்னால் பெஞ்சு மேல் ஏறியவர்கள். வரிசை 24 அடி அகலம் என்றால் 80 மி.மீ. லென்ஸோடு 34 அடி தள்ளி நின்றால் போதும். பள்ளி மைதானத்தில் 34 அடிக்கு என்ன பஞ்சம்? பெஞ்சு போட்டு உயரத்தை அடுக்கியதே அகலத்தைக் குறைக்கத்தான். லென்ஸ் செய்ய வேண்டியதைப் பெஞ்சு செய்தது. அந்தப் படங்களில் ஓரத்துப் பையனின் முகமும் நடுவில் தலைமையாசிரியரின் முகமும் ஒரே வடிவில் இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

சிக்கல் கல்யாண வீட்டில் வந்தது. மண்டபம் பெருகுவதற்கு முன் வீட்டுக் கூடத்தில் நடந்த கல்யாணங்களில் புகைப்படக்காரருக்கும் மணமக்களுக்கும் நடுவே பத்தடி கிடைத்தால் பெரிது. பத்தடியில் 80 மி.மீ. லென்ஸ் 7 அடி அகலத்தைத்தான் பார்க்கும். மாப்பிள்ளை, பெண், இரு பக்கமும் ஒவ்வொருவர், அதோடு சரி. 55 மி.மீ. இருந்தால் 10 அடி கிடைக்கும், 38 இருந்தால் கிட்டத்தட்ட 15 அடி. இதற்கு மலிவான மருந்தாக முன்னால் மாட்டும் துணை லென்ஸ்கள் இருந்தன. யாஷிகா தன் கேமராவை ஏறக்குறைய 58 மி.மீ. ஆக்கும் ஒன்றை விற்றது; ரோலைக்கு 0.7 மடங்கு மியூட்டர். ஓரங்கள் மங்கும், அபெர்ச்சரை நன்றாக மூடியாக வேண்டும். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் அது பெரிய குறையில்லை. ரோலை நிறுவனமே 1961 முதல் 1967 வரை 55 மி.மீ. டிஸ்டகான் லென்ஸ் பொருத்திய தனி வைட் கேமராவைச் செய்தது. மொத்தமே நாலாயிரம் அளவில்தான் வெளிவந்தது. இன்று அது சேகரிப்பவர்களின் பொருள். படமெடுக்கிறவர் பக்கம் வராது.

நடைமுறையில் பொருந்தி வந்த பதில் மாமியா சி வரிசை. இரட்டைக் கண் கேமராவிலேயே லென்ஸ் ஜோடியைக் கழற்றி மாற்றலாம் என்று கொண்டுவந்த கேமரா அது. அதற்கு 55, 65 மி.மீ. ஜோடிகள் உண்டு. கனம்தான், தோளில் மாட்டினால் கழுத்து நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் கண்ணாடி மேலெழும் அதிர்ச்சி கிடையாது, ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் இணையும். நம் ஊர்க் கல்யாண வேலைக்கு இதைவிடப் பொருத்தமான 120 கேமரா இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

முகம் இழுபடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்கோட்டை நேராகக் காட்டும் வைட் லென்ஸ் எதுவானாலும் உருண்டையான பொருளைச் சட்டத்தின் ஓரத்தில் நீட்டிவிடும். அது லென்ஸின் குற்றமில்லை, வடிவியல். 80 மி.மீ. லென்ஸில் ஓரத்துத் தலை ஆறு சதவீதம் நீளும், யாரும் கவனிக்கமாட்டார்கள். 38 மி.மீ. லென்ஸில் அது கால் பங்குக்கு நெருங்கும், மூலையில் இன்னும் அதிகம். பெண்ணின் அத்தை ஓரத்தில் நின்றிருந்தால் ஆல்பம் திரும்பி வரும். வைட் லென்ஸ் ஊர் ஸ்டூடியோவுக்குள் நுழையாததற்கு விலை மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன்.

அகலத்தை லென்ஸ் இல்லாமல் பெற இன்னொரு வழி, ஒட்டுவது. அதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். கல்வெட்டைச் சுற்றி நகர்ந்து நகர்ந்து எடுத்த அந்த முறையில், எந்த எழுத்தும் ஓரத்தில் நசுங்கவில்லை. ஒரே இடத்தில் நின்று வைட் லென்ஸால் எடுத்திருந்தால் பாதி எழுத்துகள் சரிந்திருக்கும். நேரான நீண்ட சுவருக்கு இன்றும் இதுவே சரியான முறை.

இனி லென்ஸ்களின் உள்கட்டு. கண்ணாடி வைத்துப் பார்க்கும் கேமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கண்ணாடி அசைய இடம் விட்டாக வேண்டும். ஹாசல்பிளாட் 500 வரிசையில் லென்ஸ் பொருந்தும் வாயிலிருந்து ஃபிலிம் வரை 74.9 மி.மீ. குவியத் தூரம் 40 மி.மீ. ஆன லென்ஸை அங்கே எப்படி வைப்பது? முன்னால் பெரிய குழிக்கண்ணாடித் தொகுதியைச் சேர்த்து, ஒளி குவியும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். இதை ரெட்ரோஃபோகஸ் என்பார்கள். 1950-இல் பிரான்சின் ஆன்ஜெனியூ 35 மி.மீ. கேமராக்களுக்கு இந்த முறையைப் பரப்பினார். செய்ஸின் டிஸ்டகான் எல்லாம் இந்த வகை. 1967-இல் வந்த 40 மி.மீ. டிஸ்டகானின் முன்கண்ணாடி அவ்வளவு பெரிது. அதற்கு 104 மி.மீ. ஃபில்டர் வேண்டும். சமச்சீர் இல்லாத கட்டு என்பதால் நேர்கோடுகள் கொஞ்சம் வளையும், கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் ஓரங்கள் தளரும். பிறகு வந்தவற்றில் உள்ளே நகரும் கண்ணாடிகளை வைத்து அதைச் சரிசெய்தார்கள்.

மற்ற வழி, பார்க்க உதவும் அந்த அசையும் கண்ணாடியையே தூக்கிவிடுவது. 1954-இல் ஹாசல்பிளாட் அதைச் செய்தது. லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த 38 மி.மீ. பயோகானை ஒரு தட்டையான உடலில் நிரந்தரமாகப் பொருத்தி, மேலே தனி வியூஃபைண்டர், கூடவே ஒரு ரசமட்டம். லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒத்த அமைப்பு என்பதால் கோடு வளைவது அநேகமாக இல்லை. எஸ்.டபிள்யூ.சி, 903, 2001-இல் 905 என்று பெயர் மாறி ஐம்பது ஆண்டு இதே லென்ஸ் அமைப்பு நீடித்தது. அமெரிக்கர் லீ ஃப்ரீட்லேண்டர் சோனோரா பாலைவனத்தின் முள்ளையும் புதரையும் இதைக் கொண்டே எடுத்தார். முட்புதருக்குள் தலையை விட்டு எடுத்ததுபோல இருக்கும் அந்தப் படங்கள், தூரக் காட்சிக்கு வைட் என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான பாடம்.

பயோகானுக்கும் விலை உண்டு. சாய்ந்து விழும் ஒளி மூலைகளில் குறையும். எளிய கணக்குப்படி 45 பாகையில் நடுவில் இருப்பதில் கால் பங்குதான். பயோகானின் வடிவம் அதை ஓரளவு ஈடுகட்டினாலும் வெறும் வானத்தை எடுத்தால் மூலைகள் இருளும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தில் வைக்க வேண்டும். 1995-இல் வந்த மாமியா 7 கேமராவின் 43 மி.மீ. லென்ஸும் இதே குடும்பம். அதில் தூரத்தைக் கேமராவே அளந்து தரும், சட்டமும் 6×7. கோடு நேராக வேண்டும், சுமை குறைவாக வேண்டும் என்பவருக்கு இதுவே முதல் தேர்வு. வாங்குமுன் தூரமானி சரியாக இணைகிறதா என்று பார்த்தாக வேண்டும். 1970-இன் மாமியா ஆர்பி67-க்கு 50 மி.மீ., 1969-இன் பென்டாக்ஸ் 6×7-க்கு 45, 55 மி.மீ. இரண்டும் நல்லவை, இரண்டும் ரெட்ரோஃபோகஸ். ஆர்பி67-ஐத் தூக்கிக்கொண்டு, மலையேறும் வெள்ளிமலைப் பேருந்தில் நின்றபடி போகிறவருக்கு என் அனுதாபங்கள்.

முதலில் சொன்ன 192 அடிக் கோபுரத்துக்கு, திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு வருவோம். கேமராவை அண்ணாந்து சாய்த்தால் கோபுரம் பின்பக்கம் விழுகிற மாதிரி கூம்பும். ரசமட்டம் வைத்து நேராகப் பிடித்தால் கோபுரம் சட்டத்தின் மேற்பாதியில் மட்டும் அடங்க வேண்டும். அப்படி அடக்க 80 மி.மீ. லென்ஸுக்கு 165 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். 50 மி.மீ.-க்கு 105 மீட்டர். 38 மி.மீ.-க்கு 80 மீட்டர் போதும். கோயில் தெருவில் 165 மீட்டருக்குள் எத்தனை மின்கம்பி, எத்தனை பேனர், எத்தனை வேன் குறுக்கே வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 80 மீட்டரில் அவை பாதியாகக் குறையும். கீழ்ப்பாதியில் விழும் தெருவை வெட்டி எறிந்துவிடலாம். வெட்டிய பிறகு மிஞ்சும் 56×28 மி.மீ. நெகட்டிவ், முழு 35 மி.மீ. சட்டத்தைவிட ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் பெரிது. லென்ஸை மேலே நகர்த்தும் விலையுயர்ந்த கேமரா இல்லாதவருக்குச் சதுர நெகட்டிவ் தரும் சலுகை இது. கட்டடம் எடுக்க மீடியம் ஃபார்மட் வைட் இன்றும் பொருளுள்ளது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. கருவறைப் பக்கம் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அங்கே கேமராவுக்கே இடமில்லை. மாறாக, தென்பெண்ணை ஆற்றில் பாறைமேல் நிற்கும் கபிலர் குன்றுக்கு, நீர் வற்றிய நாளில் எந்தப் பக்கமும் வேண்டிய மட்டும் நகரலாம். அதற்கு வைட் போடுவது வீண். அந்தச் சின்னச் செங்கல் கோயில் புள்ளியாகிவிடும்.

மலைமேல் கதை வேறு. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டிச் சாலை ஏறத் தொடங்கினால் திறந்த காட்சி மறைந்து மரமும் சரிவும் நெருங்கி வருகின்றன. மேகம் அருவியடியில் பாறைக்கு நடுவே நிற்கிறவருக்குப் பின்னால் போக இடமில்லை, 50 மி.மீ. அங்கே தன் கூலியை வாங்கிக்கொள்ளும். வயலில் நிற்கும்போது வைட் லென்ஸின் இன்னொரு குணம் வெளிப்படுகிறது. 38 மி.மீ. லென்ஸை எஃப் 16-க்கு மூடி, 1.8 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. 80 மி.மீ.-இல் அதே தெளிவு நான்கு மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். முட்டியளவு சாமைக் கதிரும் அதற்குப் பின்னால் எதிர் முகடும் ஒருங்கே கூர்மையாக வேண்டுமென்றால் வேறு வழியில்லை. முகடு அப்போதும் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் படத்தின் பொருள் இப்போது கதிர். மலை அதன் முகவரி.

இந்த முகவரிதான் பழைய படங்களில் விடுபட்டது. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலில், கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் ஒரு பகுதி உண்டு. மண்டையையும் மூக்கையும் அளந்த காலம். அந்தக் காலத்து மானுடவியல் படங்கள் பெரும்பாலும் ஆளை நிறுத்தி, இடத்தை விலக்கி எடுக்கப்பட்டவை. அவர் வீடு எப்படி, திண்ணை எப்படி, என்ன பயிர் செய்கிறார் என்பது சட்டத்துக்கு வெளியே போய்விடும். தாழ்ந்த கூரை வீடுகள் மறைந்து காங்கிரீட் வீடுகள் வந்துகொண்டிருக்கும் கல்வராயன் மலையில், வீட்டுக்குள்ளிருந்து ஆளோடும் அடுப்போடும் எடுக்க 50 அல்லது 38 மி.மீ. வேண்டும். எஸ்.டபிள்யூ.சி 30 சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும், கண்ணாடி அதிர்ச்சி இல்லாததால் 400 ஃபிலிமில் வினாடியில் முப்பதில் ஒரு பங்கு வேகத்தைக் கையிலேயே தாங்கலாம். ஆனால் அந்தத் தூரத்தில் திருட்டுத்தனமாக எடுக்க முடியாது. இரண்டடியில் நிற்கும் கேமராவுக்கு வீட்டுக்காரர் சம்மதித்துத்தான் ஆக வேண்டும், உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். டெலி லென்ஸுக்கு இந்தக் கட்டாயம் இல்லை; அதனால் கிடைக்கும் படமும் வேறு.

பனோரமா கேமராக்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 6×17 சட்டத்தில் 105 மி.மீ. லென்ஸ் வைத்த ஃப்யூஜி ஜி617, கிடையாக 77 பாகையும் நெடுக்காக 30 பாகையும் பார்க்கும். கல்வராயன் முகடு அதில் 3.4 மி.மீ. உயரம், 38 மி.மீ. தந்ததைப்போல ஏறக்குறைய மும்மடங்கு. காரணம் எளிது, இது வெறும் வானத்தையும் வெறும் மண்ணையும் வெட்டிய பார்வை. நீண்டு கிடக்கும் மலைத்தொடருக்கு இதுவே முறையான கருவி, ஒரு ரோலுக்கு நாலே படம் என்பதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். முடியாதவர்கள் முக்காலியில் 150 மி.மீ. வைத்துச் சட்டம் சட்டமாகத் திருப்பி எடுத்து ஒட்டலாம்.

வாங்குகிறவர் கவனத்துக்கு ஒன்று. நம் நாட்டில் கைமாறும் பழைய லென்ஸ்களுக்கு முதல் எதிரி கீறல் இல்லை, பூஞ்சை. கண்ணாடி எண்ணிக்கை கூடிய ரெட்ரோஃபோகஸ் லென்ஸ்களில் அது உள்ளே எந்தத் தட்டில் படர்ந்திருக்கிறது என்று டார்ச் அடித்துத்தான் காண முடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவில் தோல் உறையோடு வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது.

கடைசியாகத் தச்சுப் பட்டறை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பிறகு வந்த படங்களில் பெரும்பாலானவை முடிந்த சிலையைத் துணிப் பின்னணியில் வைத்து எடுத்தவை. வேலை நடக்கும் இடம் அவற்றில் இல்லை. அது தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஒரு பக்கம் சிற்பி, எதிரே பலகை, சுற்றிலும் உளிகள், கொட்டாப்புளி, சீவல் குவியல், சுவரோரம் பாதி முடிந்த கதவு. பட்டறையின் நடுவில் நிற்க முடியாது, வாசற்படியில்தான் நிற்க முடியும். அங்கிருந்து 6×6-இல் 50 மி.மீ. போதும் என்று சொல்வேன். 38 போட்டால் ஆளின் கை நீண்டு உளி பெருத்துவிடும். கேமராவைச் சிற்பியின் கண் மட்டத்துக்கு இறக்கி, அவர் முகத்தை நடுவிலிருந்து அதிகம் விலகாமல் வைத்து, ஓரங்களை மரத்துக்கும் கருவிகளுக்கும் விட்டுவிட வேண்டும். பலகை கொஞ்சம் நீண்டால் யாரும் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.